வேண்டுதலின் கணக்கு

பினாங்குத் தைப்பூசத்தைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அலகில் தொடங்கி அலகிலேயே முடித்துவிடுகிறார்கள். சுற்றுலாப் பயணியின் கேமராவும் அங்கேதான் போகிறது. சீர்திருத்தக்காரரின் கோபமும் அங்கேதான் போகிறது. கன்னத்தில் வேல், முதுகில் கொக்கி, தோளில் மயிற்பீலி. இதற்கெல்லாம் பல மாதங்களுக்கு முன்பே, ஏதோ ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவிலோ சமையலறையிலோ, "முருகா, இதை மட்டும் நல்லபடியா முடிச்சுக் குடு, தண்ணிமலைக்கு வந்து பால்குடம் எடுக்கிறேன்" என்று யாரோ ஒருவர் வேண்டிக்கொண்டிருப்பார். என் அக்கறை அந்த ஒற்றை வாக்கியத்தின் மேல்தான். துயரத்தில் இருப்பவரை அது எவ்வளவு தூரம் தாங்குகிறது? எந்த இடத்தில் அவரையே திருப்பிக் கடிக்கிறது?

வெளியூர் வாசகருக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியலில் பினாங்கு ஸ்திரீட்டில் உள்ள நகரத்தாரின் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். 1894 முதல் ஓடுகிற ரதம். தண்ணீர்மலை அடிவாரத்து நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போய்ச் சேர இரவாகிவிடும்; வழிநெடுக அர்ச்சனைத் தட்டும் தேங்காயும் காத்திருக்கும். 2017இலிருந்து பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் தங்க ரதமும் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து வேலைச் சுமந்துகொண்டு வருகிறது. எந்த ரதம் முன்னால், எந்த ரதம் பின்னால் என்று ஊர் பேசிய பேச்சு தனிக் கதை. அது இங்கே வேண்டாம். காவடிகள் மறுநாள். மலை மேல் பாலதண்டாயுதபாணி கோயில். 2012இல் குடமுழுக்கு கண்ட புதிய கட்டடம், ஏறுவதற்கு 513 படிகள்.

வேண்டுதல் செய்கிற முதல் காரியம், துயரத்துக்கு ஓர் அளவு போடுவது. மகனுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று கேட்ட தாயின் பயத்துக்கு எல்லை கிடையாது. இரவு இரண்டு மணிக்கும் விழித்துக்கொண்டிருக்கும் பயம் அது. "மூன்று வருஷம் பால்குடம்" என்று சொன்ன மறுகணம் அந்தப் பயத்துக்கு ஒரு தேதியும் செய்து முடிக்கக்கூடிய ஒரு வேலையும் கிடைத்துவிடுகின்றன. மாமிசம் விட வேண்டும், தரையில் படுக்க வேண்டும், காலையும் மாலையும் விளக்கேற்ற வேண்டும். நாற்பத்தெட்டு நாள் விரதம் என்பது முறை. ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள் அதை இரண்டு வாரமாகவோ ஒரு வாரமாகவோ சுருக்கிக்கொள்வதும் உண்டு. பயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளின் கால அட்டவணைக்குள் முருகனும் கொஞ்சம் ஒடுங்கித்தான் நிற்க வேண்டியிருக்கிறது. எப்படியானாலும், கையாலாகாமல் நின்றவருக்குச் செய்வதற்கு ஏதோ ஒன்று கிடைத்துவிட்டது.

இரண்டாவது காரியம் இதைவிட முக்கியம் என்பேன். நம் சமூகத்தில் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்ல இடம் குறைவு. கொஞ்சம் அதிகமாக அழுதாலே "தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்று கேலி வந்துவிடும். 1911இல் ஈப்போவுக்கு அருகில் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கிற ஊரின் பெயர் மூன்று தலைமுறையாக வசவாக நிலைத்துவிட்டது. அதே மனிதர் "எனக்கு ஒரு வேண்டுதல் இருக்கு" என்று சொன்னால் கேலி இல்லை. எதற்கு என்றுகூட யாரும் துருவிக் கேட்பதில்லை. பக்கத்து வீட்டார் அன்றைக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்ப மாட்டார்கள், அவ்வளவுதான். வேலை போனவர், மணமுறிவில் இருப்பவர், குடியை விடப் போராடுகிறவர் எல்லாரும் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லாமலே, ஏதோ நடந்திருக்கிறது என்பதை ஊரறிய ஒப்புக்கொள்ள இது ஒரு வழி. தன்னைத் தான் ஏற்றுக்கொள்வது என்று இப்போது புத்தகக் கடைகளில் அடுக்கடுக்காக விற்கிறார்களே, அதன் பழைய, மலிவான, தனியாக உட்கார்ந்து செய்யத் தேவையில்லாத வடிவம்.

தைப்பூசத்தன்று அதிகாலையில், அலகு குத்திக்கொண்டு காவடிகள் புறப்படும் லோரோங் கூலிட் பக்கம் போய் நின்றால் இது கண்ணுக்கே தெரியும். கட்டுடம்புள்ள ஓர் இளைஞர், கழுத்தில் பச்சை குத்தியவர், மஞ்சள் வேட்டியோடு கண்ணை மூடி நிற்பார். உருமி ஏறும். சுற்றி நிற்பவர்கள் "வேல் வேல்" என்று குரல் கொடுக்கக் கொடுக்க அவர் உடம்பு நடுங்கும். நெற்றியில் திருநீறு பூசி, அலகு குத்துகிறவர் கன்னத்தைத் தடவிப் பார்க்கும் அந்தச் சில வினாடிகளில் அவருடைய அம்மா அவர் முழங்கையைப் பிடித்திருப்பார். மற்ற நாள்களில் அந்தப் பையனை அப்படித் தொட்டுப் பிடிக்க அந்த அம்மாவுக்குத் துணிவு வருமா என்பது சந்தேகம். அமெரிக்க ஆய்வாளர் எலிசபெத் ஃபுல்லர் காலின்ஸ் பினாங்கில் தங்கி இந்த விழாவை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட நூல், அலகையும் வேலையும் தலைப்பிலேயே வைத்துக்கொண்டு மலேசிய இந்துக்களின் கௌரவத்தையும் அதிகாரத்தையும் பற்றிப் பேசியது. கௌரவத்தைப் பற்றிய அந்தப் பார்வை எனக்கும் உடன்பாடுதான். ஆனால் அந்த முழங்கையைப் பிடித்த கைக்கும் அதில் பங்குண்டு.

வலிக்கும் இதில் வேலை இருக்கிறதா என்ற கேள்விக்கு மொரிஷியஸ் தமிழர்களிடமிருந்து ஒரு பதில் கிடைத்திருக்கிறது. மானுடவியலாளர் டிமிட்ரிஸ் ஸிகலாட்டாஸும் குழுவினரும் அங்கே காவடி எடுத்தவர்களின் உடல்நிலையையும் மனநிலையையும் அளந்து 2019இல் வெளியிட்டார்கள். அலகினால் உடல்நலத்துக்குக் கேடு வந்ததாகத் தெரியவில்லை. அதிகமாகக் குத்திக்கொண்டவர்கள் பின்னர் மனம் கூடுதலாகத் தேறியதாகச் சொன்னார்கள். நோயில் இருந்தவர்களும் வசதி குறைந்தவர்களும்தான் அதிக வலியைத் தேடிப் போனார்கள் என்பதும் அதில் இருக்கிறது. நம் ஆட்கள் இதைக் கேட்டால் "அப்பவே சொன்னோமே" என்பார்கள். நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன். ஆழமான பள்ளத்தில் இருப்பவருக்கு மேலே ஏறவும் தூரம் அதிகம். பெரிய காவடி எடுப்பவரைச் சுற்றி அதிகம் பேர் நிற்கிறார்கள், அதிக நாள் கூட வருகிறார்கள். தேற்றியது கொக்கியா, அந்தக் கூட்டமா என்று பிரித்துச் சொல்வது எளிதில்லை. பால்குடம் தூக்கி அமைதியாக ஏறி இறங்கும் ஆயிரக்கணக்கான பெண்கள் தேறாமலா வீடு திரும்புகிறார்கள்?

இனி மறுபக்கம். வேண்டுதலில் ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கு என்றால் பாக்கியும் உண்டு. பிள்ளை பிழைத்தால் முருகன் காப்பாற்றினான். பிழைக்காவிட்டால்? முருகனைக் குறை சொல்ல யாரும் துணிவதில்லை. "விரதம் சுத்தமா இருந்தியா?", "போன வருஷம் எடுக்கிறேன்னு சொல்லிட்டு எடுக்கலையே?", "வீட்டில யாராவது மாமிசம் சாப்பிட்டாங்களா?" என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களே கேட்பார்கள். சாமி குத்தம் என்ற சொல் அந்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் எளிதில் வெளியே போகாது. பிள்ளையை இழந்த தாய், இழப்போடு குற்றத்தையும் சுமக்கிறாள். இந்த நம்பிக்கையின் பெரிய குறையாக நான் காண்பது இதைத்தான். அலகையும் கொக்கியையும் கண்டிக்கிறவர்கள் இதை ஏனோ கவனிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத காயம் என்பதாலோ என்னவோ.

தீட்டும் இங்கேதான் வந்து நிற்கிறது. வீட்டில் சாவு நடந்தால் காவடி எடுக்கக்கூடாது. சில குடும்பங்களில் ஒரு வருஷம்வரை கோயில் வாசலே மிதிக்க மாட்டார்கள். துயரத்தைத் தாங்க உதவும் ஏற்பாடு, துயரம் அதிகமாக இருக்கும் ஆண்டில் கதவைச் சாத்திவிடுகிறது. பெண்களுக்கு மாதவிலக்குத் தேதி வேறு. விரதம் இருந்து, மஞ்சள் சேலை எடுத்து, கடைசி நேரத்தில் ஒதுங்க வேண்டிவந்தவர்களின் ஏமாற்றத்தை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தேதியைத் தள்ளிப்போட மாத்திரை கேட்டு மருந்தகத்துக்குப் போகிறார்கள். அது பக்தியின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

உடம்பைப் பற்றிய என் கவலையும் அலகைப் பற்றியது இல்லை. பாதத்தைப் பற்றியது. 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நீரிழிவு முற்றியவரின் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். அந்தப் பாதம் வெறுங்காலோடு பகல் வெயிலில் தார்ச்சாலையில் நடக்கிறது. அந்தச் சாலையில்தான் ரதத்துக்காக உடைத்த தேங்காய்கள் சிதறிக் கிடந்தன. மாநகர் மன்றத்தார் மண்வாரி இயந்திரம் வைத்து அள்ளிப் போனாலும் ஓட்டுச் சில்லுகள் மிச்சமிருக்கும். குத்தியது தெரியாமல் மலையேறி, இறங்கி, அன்னதானம் சாப்பிட்டு, வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது ரத்தத்தைப் பார்ப்பவர் "முருகன் அருள், வலியே தெரியல" என்று சொன்னால் என்ன பதில் சொல்வது? வலி தெரியாததற்கு அருள் தவிர வேறு காரணமும் இருக்கலாம் என்பதை அந்தச் சமயத்தில் கேட்கிற மனநிலையில் அவர் இருக்க மாட்டார். நோன்புக்கு முன்பே பூசாரி சொன்னால் கேட்பார். தண்ணீர்ப் பந்தல்களில் ஒலிபெருக்கிக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கைப் பாதம் பார்க்கும் மேசைக்கு ஒதுக்கலாம்.

தேங்காயைச் சொன்னதால் அதையும் முடித்துவிடுகிறேன். வெள்ளி ரதத்தின் முன் மலைமலையாகத் தேங்காய் குவித்து உடைப்பவர்களில் சீனக் குடும்பங்களும் கணிசம். கேட்டால் கொடுக்கிற தெய்வம் என்று முருகனை அவர்கள் நம்புவதில் எனக்கு மகிழ்ச்சியே. இந்தத் தீவின் நல்ல குணங்களில் அது ஒன்று. ஆனால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் எத்தனையோ முறை கேட்டுக்கொண்ட பிறகும், ஒரு தேங்காயில் முடியும் வேண்டுதல் ஆயிரம் தேங்காயாக வளர்வது நிற்கவில்லை. பக்கத்து வீட்டார் ஐந்நூறு உடைத்தால் நாம் ஆயிரம். காவடியிலும் அதே போட்டி: யாருக்கு எத்தனை கொக்கி, யார் காவடிக்கு எத்தனை ஆயிரம் வெள்ளி. தனக்கும் தெய்வத்துக்கும் இடையில் இருந்த அளவுகோல் தெருவுக்கு வந்துவிட்டால், துயரத்துக்கு எல்லை போட்ட அந்த நல்ல குணம் முதலில் கெடுகிறது.

1929 இறுதியில் பெரியார் பினாங்கில் வந்து இறங்கியபோதும் அதன் பிறகும் சுயமரியாதைக்காரர்கள் எழுப்பிய கேள்வி இன்னும் கடினமானது. தோட்டத் தொழிலாளியின் துன்பத்துக்குக் கூலியும் சாதியும் காரணமாக இருக்க, அவன் ஏன் தன் உடம்பைக் குத்திக்கொள்ள வேண்டும்? இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. இந்த மண்ணிலேயே பிறந்தும், குடியுரிமை இல்லாமல், சிவப்பு அடையாள அட்டையோடு முதுமைக்கு வந்துவிட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். குடிமக்களுக்கான நீல அட்டை கிடைக்க வேண்டும் என்று காவடி எடுப்பவரின் பாக்கியை முருகன் தீர்க்க வேண்டியதில்லை. பதிவிலாகா தீர்க்க வேண்டும். அங்கே வேண்டுதல், பொதுக் குறையைத் தனிமனிதனின் விரதக் குறையாக மாற்றிவிடும் அபாயம் இருக்கிறது.

ஆனால் நம்பிக்கை மனிதரை முடக்கிப் போடும் என்ற முடிவுக்கு நான் உடன்படவில்லை. 2007 நவம்பர் 25 அன்று மலேசிய இந்தியர்களின் உரிமை கோரி நடந்த இண்ட்ராஃப் பேரணிக்கு வந்தவர்களில் பலர் முந்தின இரவே கூடியது பத்துமலைக் கோயில் வளாகத்தில்தான். கண்ணீர்ப்புகை அங்கேயும் பாய்ந்தது. காவடி எடுத்த தோள்கள் மனு எடுத்துப் போகவும் தயங்கவில்லை. மொரிஷியஸில் அதே ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், சாதாரணக் கூட்டுப் பிரார்த்தனைக்கு வந்தவர்களைவிடக் காவடி எடுத்தவர்களும் கூட நடந்தவர்களும் நன்கொடைக்கு அதிகம் கொடுத்தார்கள். ஒன்றாகச் சேர்ந்து வலித்தவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுப்பார்கள் என்பதற்கு ஆய்வு தேவையா என்று கேட்கலாம். பெரியாரின் கேள்விக்குப் பதில் தேடுகிறவர்களுக்குத் தேவைதான்.

பெருந்தொற்றுக் காலம் இந்தக் கணக்கை ஒருமுறை சோதித்துப் பார்த்தது. 2021 தைப்பூசத்தில் காவடிக்கு இடமே இல்லை. 2022இல் பால்குடத்துக்குக் கட்டுப்பாடுகளோடு அனுமதி கிடைத்தது, காவடிக்குக் கிடைக்கவில்லை. நேர்ந்துகொண்டவர்கள் என்ன செய்வது? மரபிலேயே இதற்கு வழி இருக்கிறது. நேர்த்திக்கடனை உடனே செலுத்த முடியாதவர் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி மேடையில் வைப்பார். "மறக்கல, வருவேன்" என்று தெய்வத்திடம் வாங்கும் தவணை அது. சாவு வீட்டாருக்கும் நோயாளிக்கும் அந்த முடிச்சு எப்போதும் திறந்தே இருந்த வழி. சாமி குத்தம் பேசுகிறவர்கள் மட்டும் அதை நினைவுபடுத்துவதில்லை. தொற்றுநோய்க்காக முருகன் இரண்டு வருஷம் பொறுத்துக்கொண்டார் என்றால், சர்க்கரை 15 மில்லிமோலுக்கு மேல் நிற்கும் ஐம்பத்தெட்டு வயதுக்காரர் காலணியோடு ஏறுவதையும், பிள்ளையை இழந்த தாய் மூன்றாவது வருஷப் பால்குடத்தை எடுக்காமலே விடுவதையும் பொறுத்துக்கொள்வார். இதைக் கோயில் மேடையிலிருந்து, ஒலிபெருக்கியில், விரதம் தொடங்கும் நாளிலேயே யாராவது சொல்ல வேண்டும். ரதம் புறப்படும் நேரத்தை அறிவிக்கிற அதே குரலில் சொன்னால் இன்னும் நல்லது.