பஞ்சமம் எங்கே இருக்கிறது?

சங்கரன்கோவிலுக்கு வாய்த்த சங்கீதம் நாகஸ்வரமும் தவிலும்தான். ஆடித்தபசுக் கூட்டத்தில் வீணை எடுபடுமா என்ன? ஆனால் கழுகுமலை, கோவில்பட்டி தாண்டிக் கிழக்கே போனால் எட்டயபுரம். வைணிகரான முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்த ஊர். வீணைப் பித்து எங்கள் பக்கம் ஒட்டிக்கொள்ள அது போதும்.

வைணிகர் எந்த ஸ்வரத்தை எந்தத் தந்தியில் எடுக்கிறார் என்று கவனிப்பதே எனக்குத் தனி சுகம். மத்ய ஸ்தாயிப் பஞ்சமத்தைப் பாருங்கள். சாரணித் தந்தியில் 7ஆம் மெட்டு, பஞ்சமத் தந்தியில் 12, மந்தரத்தில் 19, அனுமந்தரத்தில் கடைசி மெட்டான 24. ஸ்தானம் ஒன்று, குரல் நான்கு. சாரணியில் பளிச்சென்று நிற்கும். பஞ்சமத் தந்தியில் சற்றுக் கனக்கும். மந்தரத்தில் அதிர்வதற்கு மூன்றில் ஒரு பங்குத் தந்திதான் மிச்சம். தடித்த தந்தி, நாதம் சட்டென்று அடங்கிவிடும். அனுமந்தரத்தின் 24க்கு யாரும் போவதில்லை, போகவும் வேண்டாம்.

ஸட்ஜம் இன்னும் ருசி. சாரணியைச் சும்மா மீட்டினாலே மத்ய ஸட்ஜம்; பஞ்சமத் தந்தியின் 5ஆம் மெட்டிலும் அதுவே. மேனி ஒன்றாக, பாதி அரனும் பாதி அரியுமாக நிற்கிற எங்கள் ஊர்ச் சாமி மாதிரி. முதலாவது அசையாத ஸட்ஜம். இரண்டாவதற்கு நிஷாதத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வரலாம்.

அப்புறம் மீட்டு. காரைக்குடி பாணியில் மீட்டுகள் கணீர் கணீரென்று தாளத்தோடு விழும், கேட்கக் கம்பீரம். நான் என்னவோ வீணை தனம்மாள் (1867–1938) கட்சி. ஒரு மீட்டின் நாதம் தேய்வதற்குள், இடது கை தந்தியை இழுத்து அடுத்தடுத்த ஸ்வரங்களை அதிலேயே வாங்கிவிடும். மைக்கை நம்பி எழுத்துக்கு ஒரு மீட்டு போடுகிறவர்களிடம் இந்தப் பொறுமை கிடையாது.

சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்தில் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ கமகங்களுக்குக் குறிகள் தருகிறது: நொக்கு, ரவை, கண்டிப்பு, ஒதுக்கல். ஒரு மெட்டில் விரலை வைத்தபடியே தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மேல் ஸ்வரத்தை எடுப்பது ஒதுக்கல். சாரணியின் மத்யம மெட்டில் அப்படி இழுத்தால் வருவதும் பஞ்சமம்தான், ஐந்தாவது பஞ்சமம். அதற்கு மெட்டுக் கணக்கு உதவாது. எவ்வளவு இழுப்பது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.