சித்திர நாவல்களும் தேர்வின் பொறுப்பும்

இளையோருக்கான சித்திர நாவலைத் தேர்வோர், ஆட்சேபத்திற்குரிய படம் உண்டா என்று புரட்டிப் பார்ப்பதோடு அமைந்துவிடுகின்றனர். மர்ஜானே சத்ரபியின் ‘பெர்சபோலிஸ்’ (2000) ‘ஈரான்’ என்னும் தலைப்பில் தமிழிலும் வெளிவந்துள்ளது. 2013இல் சிகாகோ அரசுப் பள்ளிகள், சித்திரவதைக் காட்சிகளைக் காரணங்காட்டி அதனை ஏழாம் வகுப்பறைகளிலிருந்து விலக்கின. வயதைக் கருதுவது நியாயமே. எழுத்து மெல்ல உணர்த்தும் கொடுமையைப் படம் ஒரே நொடியில் கண்முன் நிறுத்திவிடும். பதினைந்து வயதினருக்கு அந்நூலைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்போம்.

நம் கவலை வேறு. 1980இல் பத்து வயதுச் சிறுமிமீது திணிக்கப்பட்ட முக்காட்டோடு தொடங்கும் அந்நூல், ஓர் அரசின் அடக்குமுறைக்குச் சாட்சியம். அதனை மார்க்கத்தின் விளக்கமாகக் கொள்ளலாகாது. ஆனால் ஆர்.கே.பேட்டை போன்றதோர் எல்லையோரச் சிற்றூரின் நூலகத்தில், முஸ்லிம் சிறுமியைப் பற்றிய ஒரே சித்திர நூலாக அது இருக்குமாயின், வாசிக்கும் பிள்ளை இரண்டையும் ஒன்றெனவே கொள்ளும். அக்குறை நூலினுடையதன்று, அதனைத் தனியே நிறுத்தியவர்களுடையது.

2014இல் தனித்தொடர் கண்ட ‘மிஸ் மார்வெல்’ ஆங்கிலச் சித்திரக்கதையின் கமலா கான், பாகிஸ்தானிய வழிவந்த அமெரிக்கச் சிறுமி. தந்தை சொல்லித்தந்த திருக்குர்ஆன் வசனத்தை நினைவுகூர்ந்தே அவள் ஓர் உயிரைக் காக்கத் துணிகிறாள். இவ்விரு சிறுமியரையும் அடுத்தடுத்துச் சந்திக்கும் பிள்ளை, தானே ஒப்பிட்டு உணரும். ஒரு நூலை அகற்றுமுன், அதனருகே வைக்கத்தக்க மற்றொன்றைத் தேடுவோமாக.