பிடி சொல்லித்தரும் வாத்தியார்

கபடியில் பாடிப் போகிறவனைத்தான் கூட்டம் பார்க்கும். கைதட்டலும் அவனுக்குத்தான். ஆட்டத்தில் ஊறிய கண் கார்னரில் நிற்பவனைத் தேடும். பாடிப் போனவன் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஒரு காலை வைக்கும்போது அடுத்த கால் தரையில் படாமல் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த நொடியில் அவன் உடம்பின் பாரம் முழுவதும் ஒற்றைக் காலில் நிற்கிறது. கார்னர் குனிந்து கணுக்காலைப் பற்ற வேண்டிய நொடி அதுதான். முந்தினால் பாடி வந்தவன் காலை இழுத்துக்கொண்டு, குனிந்தவன் முதுகைத் தொட்டுவிட்டுப் போய்விடுவான். பிந்தினால் போனஸோடு நடுக்கோட்டைத் தாண்டியிருப்பான். சரியாக விழுந்த பிடியில் முரட்டுத்தனமே தெரியாது. கால் நின்றுபோகும், உள்பக்கம் நிற்கும் கவர் வந்து இடுப்பைக் கட்டுவான், மற்றவர்கள் மேலே விழுவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும்.

இந்த அழகுக்குப் பின்னால் ஒரு வாத்தியார் இருக்கிறார். பிடிக்கச் சொல்லித்தருவதைவிட, பிடிக்காமல் காத்திருக்கச் சொல்லித்தருவது கடினம். பதினாறு வயதுப் பையனுக்குக் கண்ணில் பட்ட காலையெல்லாம் பிடிக்கத் தோன்றும். பத்து தடவை விட்டுவிட்டுப் பதினோராவது தடவை பாய வைப்பதில்தான் பயிற்சியாளரின் கைவண்ணம் தெரிகிறது. தஞ்சாவூர் மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டியும் புரோ கபடியில் தற்காப்பு ஆடினார். 2016இல் பாட்னா பைரேட்ஸ் அவர் தலைமையில் கோப்பை வென்றது. அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் அவர் இருந்தார். அந்த வயதில் வேகம் குறையும். எப்போது பாய்வது, எப்போது பொறுப்பது என்ற கணக்கு குறைவதில்லை.

புதுச்சேரியின் அரியாங்குப்பம் வட்டாரத்தில் இந்தக் கணக்கைச் சொல்லித்தருகிறவர் பெரும்பாலும் பழைய ஆட்டக்காரர். பகலில் ஒரு வேலை, மாலையில் மைதானம். வீராம்பட்டினம், நல்லவாடு பக்கத்துப் பையன்களில் பலர் வலை இழுக்கிற குடும்பத்தவர்கள். கைப்பிடியும் இடுப்பு வலுவும் அவர்களோடு கூடப் பிறந்தவை. மணலில் ஓடிய கால் கட்டாந்தரையில் சற்று வேறாக ஊன்றும். அபிஷேகப்பாக்கம் பக்கம் வயல் வேலை பார்த்த பையனுக்குத் தொடை உரம் வேறு, தோள் உரம் வேறு. யாரைக் கார்னரில் நிறுத்துவது, யாரைக் கவரில் போடுவது என்பதை உள்ளூர் வாத்தியார் உயரத்தையும் எடையையும் பார்த்து மட்டும் முடிவு செய்வதில்லை. எந்தப் பையன் அப்பாவோடு விடியற்காலையில் கடலுக்குப் போய்வந்து அசதியில் நிற்கிறான், யாரைத் திட்டினால் ஆடுவான், யாரைத் திட்டினால் வராமலே போய்விடுவான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கோத்து நிற்கிற இரண்டு கைகளுக்கு நடுவே இருக்கும் நம்பிக்கை அங்கேதான் விளைகிறது.

ஆனாலும் தை பிறந்ததும் போட்டிகள் வரிசை கட்டும்போது, வெளியூர் பயிற்சியாளரைக் கூட்டி வரலாமா என்ற பேச்சு கிளப்புகளில் எழுவது இயல்பு. அதைக் குறை சொல்ல மாட்டேன். வெளியிலிருந்து வருகிறவர் எத்தனையோ செய்திருக்கிறார். 2014இல் முதல் புரோ கபடிக் கோப்பையை ஜெய்ப்பூர் வென்றபோது அதன் பயிற்சியாளர் நம் தமிழ்நாட்டு காசிநாத பாஸ்கரன். 2022இல் தமிழ்த் தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது ஹரியானாவின் ஆஷன் குமார் கையில். 2018 ஆசிய விளையாட்டில் இந்தியப் பெண்களை 27-24 என்று வென்று ஈரான் தங்கம் வாங்கியது. அந்த ஈரான் அணியைத் தயார் செய்தவர் மகாராஷ்டிரத்து ஷைலஜா ஜெயின். நாம் வளர்த்த ஆட்டத்தில் நம்மையே வெல்ல வைத்தது நம் நாட்டுக்காரரின் கைப்பாடம்தான்.

மண் தரையில் ஆடி வளர்ந்த வாத்தியாருக்குச் சில குறைகளும் உண்டு. பெரிய போட்டிகள் எல்லாம் மேட் விரிப்புக்குப் போய்விட்டன. காலணி போட்டு, வழுக்காத தரையில், முப்பது நொடிக்குள் பாடிவிட்டு வரும் வேகம் வேறு. முழங்கால் பிசகினால் எத்தனை நாள் ஓய்வு, போட்டிக்கு முன் உடம்பை எப்படிச் சூடாக்குவது, எதிரணியின் பதிவை ஓட்டிப் பார்த்து எப்படிப் படிப்பது என்பதெல்லாம் முறையாகப் படித்தவர் சொல்லித்தர வேண்டிய பாடங்கள்.

ஆகவே, வெளியூர்க்காரரைக் கூப்பிடுவதில் தவறில்லை. எதற்காகக் கூப்பிடுகிறோம் என்பதில்தான் கிளப்பின் தரம் இருக்கிறது. லீக் அணிக்கு முதலாளி உண்டு, ஏலம் உண்டு, ஒரு பருவத்தோடு கணக்கு முடியும். ஊர்க் கிளப்புக்கு இருப்பது கடைக்காரர்களும் பழைய ஆட்டக்காரர்களும் தரும் வசூல் பணம். அதில் ஒருவரை அழைத்துவந்து ஒரு கோப்பையை வாங்கினால், அவர் பேருந்து ஏறும் நாளில் பாடமும் கூடவே ஏறிவிடுகிறது. தெருக்கூத்தில் இதற்கு நல்ல வழி கண்டவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள். வெளியூர் வாத்தியாரை அழைத்து, மாதக்கணக்கில் பயின்று, அரங்கேற்றம் செய்வது பழைய வழக்கம். வாத்தியார் போன பிறகும் அந்த ஊரில் அடவு தெரிந்தவர்கள் இருப்பார்கள், அடுத்த தலைமுறைக்குச் சொல்லித்தருவார்கள். கபடிக் கிளப்பும் பயிற்சியாளரை அப்படித்தான் அழைக்க வேண்டும்.

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. அயர்லாந்தில் மட்டையும் பந்துமாக ஆடும் ஹர்லிங் இன்றும் சம்பளமில்லாத ஆட்டக்காரர்களின் ஆட்டம். 1884இல் தொடங்கிய அவர்களுடைய சங்கத்தின் கிளப்புகளிலும் உள்ளூரா, வெளியூரா என்ற இதே கேள்வி உண்டு. கில்கென்னி வட்டத்துக்கு ஆடிய பிரையன் கோடி, அதே வட்ட அணியின் பொறுப்பை 1998 முதல் 2022 வரை வைத்திருந்து 11 அகில அயர்லாந்துக் கோப்பைகளை வென்று தந்தார். ஒரே மண்ணில் ஒருவர் இத்தனை காலம் நிலைத்தால் என்ன விளையும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அரியாங்குப்பம், பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிளப் நிர்வாகிகளுக்கு என் வேண்டுகோள் இது. முப்பதைத் தாண்டி ஆட்டத்தை விடப்போகிற உங்கள் கார்னரையோ கவரையோ இப்போதே அடையாளம் காணுங்கள். பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. அவரை அதற்கு அனுப்பி வையுங்கள். வெளியூர் பயிற்சியாளரை அழைத்தால், முதல் நாளிலிருந்து அவர் பக்கத்தில் நம் ஊர்க்காரர் ஒருவரை நிறுத்துங்கள். சம்பளம் பேசும்போதே அதையும் பேசிவிடுங்கள். மாலைதோறும் சும்மா வந்து சொல்லித்தருகிற உள்ளூர் வாத்தியாருக்கு, கோப்பை வாங்கும் மேடையில் ஒரு துண்டு போர்த்துவதோடு நிறுத்தாமல், மாதம் ஒரு தொகை கொடுங்கள். வசூலில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.