பறந்தவனும் எரிந்தவனும்

ஹெய்ட்டியின் காப் நகரச் சதுக்கத்தில் கம்பத்தில் கட்டப்பட்ட கலகக்கார அடிமை மக்காண்டல் தீயில் வெந்து செத்தானா, பறந்து தப்பினானா? அலெஹோ கார்ப்பெந்தியரின் ‘இந்த உலகத்தின் ராஜ்ஜியம்’ நாவலில் இரண்டு விடையும் உண்டு. இரண்டும் அடுத்தடுத்து, ஒரே குரலில் வருகின்றன. 1758 ஜனவரி. பார்த்துப் பயப்படட்டும் என்று பண்ணை முதலாளிகள் தங்கள் அடிமைகளைக் கூட்டி வந்து சதுக்கத்தை நிரப்பியிருக்கிறார்கள். தீ எழும்புகிறது. ஒற்றைக்கை மக்காண்டல் எதையோ முணுமுணுத்து உடம்பை முன்னால் உந்துகிறான். கட்டு அவிழ்கிறது. தலைகளுக்கு மேலே பறந்து கூட்டத்துக்குள் மறைகிறான். சதுக்கம் முழுக்க ஒரே கூச்சல். அந்த அமளியில், படைவீரர்கள் அவனைப் பிடித்துத் தலைகுப்புறத் தீக்குள் திணித்ததைக் கண்டவர்கள் வெகு சிலர். அடிமைகள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே பண்ணை திரும்புகிறார்கள்.

“பறந்ததாக அவர்கள் நம்பினார்கள்” என்று கார்ப்பெந்தியர் எழுதவில்லை. பறந்தான் என்றே எழுதுகிறார். எரிந்தான் என்பதையும் அதே தொனியில், குரலை உயர்த்தாமல் எழுதுகிறார். இந்த நாவலின் கைவேலை முழுவதும் இதற்குள் அடக்கம். அன்றிரவு முதலாளி லெனோர்மான் தெ மெஸி தலையில் படுக்கைக் குல்லாவோடு பக்திமிக்க மனைவியிடம் பேசுகிறார்: தம்மில் ஒருவன் துடித்துச் சாவதைப் பார்த்தும் இந்தக் கறுப்பர்களுக்கு மனம் இளகவில்லையே. அதிலிருந்து மனித இனங்களின் ஏற்றத்தாழ்வு பற்றி லத்தீன் மேற்கோள்களோடு ஒரு சொற்பொழிவுக்கே திட்டம் போடுகிறார். அவர் கண் பார்த்தது உண்மைதான். ஆனால் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. இவ்வளவு அடங்கிய கிண்டலை நான் அதிகம் படித்ததில்லை.

இது முற்றிலும் கற்பனையும் இல்லை. மக்காண்டல் கம்பத்திலிருந்து பிய்த்துக்கொண்டு கீழே விழுந்ததையும், அவன் தப்பிவிட்டதாகக் கறுப்பர்கள் பின்னரும் நம்பியதையும் மொரோ தெ சான் மெரி என்ற குடியேற்றக்காலத்து வழக்கறிஞர் எழுதி வைத்திருக்கிறார். கார்ப்பெந்தியர் அந்தக் குறிப்பில் ஒரு கண்ணைக் கூடுதலாக வைத்தார். 1943இல் ஹெய்ட்டிக்குப் போனவர், பாரிஸில் சர்ரியலிஸ்ட்டுகள் வலிந்து வரவழைத்த அற்புதம் இங்கே மண்ணிலேயே கிடக்கிறது என்று கண்டுகொண்டு திரும்பினார். 1949இல் மெக்ஸிகோவில் வெளியான நாவலின் முன்னுரையில் அதற்கு ‘அற்புத யதார்த்தம்’ என்று பெயரிட்டார். முன்னுரை கொஞ்சம் மார்தட்டல். நாவலில் அது இல்லை. நான்கு பாகம், 26 குட்டி அத்தியாயம், கெட்டியான வாக்கியங்கள். ஹேரியட் தெ ஓனிஸின் ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தாலும் அந்தக் கெட்டி தெரிகிறது.

நெகிரி செம்பிலானில் பால்மரத்து நிரைகளுக்கு நடுவே வளர்ந்தவர்கள் இதைப் படிக்கும்போது ஒரு அவசரம் வரும்: அட, இது நம் கதையாயிற்றே! அந்த அவசரத்தை நான் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். லாபுவிலும் ரந்தாவிலும் பகாவிலும் எவரையும் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசவில்லை. ஒப்பந்தக் கூலி முறை 1910 வரை. பிறகு கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டி வரும் முறை, 1938இல் இந்திய அரசு தடை போடும் வரை. கடனும் கூலிக்கணக்கும் கட்டிப்போட்டன. சவுக்கு எங்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் சட்டம் மனிதனைச் சரக்கு என்று எழுதவில்லை. அந்த வேறுபாட்டைத் துடைத்துவிட்டால் ஹெய்ட்டியும் போகும், நம் தோட்டமும் போகும்.

ஒற்றுமை வேறு இடத்தில் இருக்கிறது. மக்காண்டலின் கை கரும்பு நசுக்கும் உருளையில் சிக்கி நசுங்குகிறது. கை போனவன் ஆலைக்கு ஆக மாட்டான் என்று மாடு மேய்க்க விடுகிறார்கள். புரட்சி அங்கேதான் தொடங்குகிறது. மேய்ச்சல் காட்டில் வேலையில்லாத நேரத்தில் அவன் செடிகளைப் பார்க்கிறான், காளானைப் பிய்த்து முகர்கிறான், எந்த இலையை மாடு தின்னாமல் ஒதுக்குகிறது என்று கவனிக்கிறான். உதவாதவன் என்று தள்ளப்பட்டவனின் கையில் ஓய்வு வந்து சேர்கிறது, ஓய்வு அறிவாகிறது. நம் தோட்டத்திலும் மரம் வெட்ட முடியாமல் போனவர்களைப் புல் வெட்டவும் ஆயாக்கொட்டாயில் பிள்ளை பார்க்கவும் அனுப்பினார்கள். எந்தப் பூச்சிக்கடிக்கு எந்த இலை, எந்தக் காய்ச்சலுக்கு எந்த வேர் என்பதெல்லாம் அந்தக் கிழவிகளிடம்தான் இருந்தது. நாவலாசிரியர்கள் பெரட்டுக் களத்தில் நிற்கும் திடகாத்திரமான ஆளையே நாயகனாகத் தேடுகிறார்கள். கார்ப்பெந்தியர் தேடிய இடம் ஆயாக்கொட்டாய்.

அவன் கற்ற செடி நஞ்சாகிறது. முதலில் மாடுகள், பிறகு முதலாளிகள், அவர்கள் குடும்பங்கள். நஞ்சு சமையற்கட்டு வழியாகப் பெரிய வீட்டுக்குள் புகும் அந்த அத்தியாயங்களைப் படிக்கும்போது எனக்கு நம் பக்கத்து நஞ்சு நினைவுக்கு வருகிறது. அது எதிர்த்திசையில் போனது. கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்துக் கூலியில் ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொண்ட ஏற்பாடு ஒன்று. அதன் பின்னால் வந்த கள்ளச் சாராயம் இன்னொன்று. கெடாவில் லூனாஸ் வட்டாரத்தில் நச்சுச் சாராயத்தால் விழுந்த சாவுகளைச் சுற்றி ம. நவீன் எழுதிய ‘பேய்ச்சி’ (2019), காவல் தெய்வத்தையும் நஞ்சையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்த மலேசியத் தமிழ் நாவல். 2020இல் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. அதில் எனக்கு உடன்பாடில்லாத பக்கங்கள் உண்டு. ஆனாலும் தெய்வத்தைத் திருவிழா வருணனையாக ஓரத்தில் நிறுத்தாமல் கதையின் நடுவில் வேலை செய்ய விட்டது அந்த நாவல்.

அதைத் தவிர்த்தால் நம் தோட்டத்து எழுத்து பெரும்பாலும் இரண்டு தண்டவாளங்களில் ஓடியிருக்கிறது. ஒன்று ஆவணத் தண்டவாளம்: ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் நாவல்கள். ஜப்பானியர் காலம், ரயில் பாதைச் சாவு, அவசரகாலம் எல்லாம் அங்கே இருக்கின்றன, நேர்மையாக இருக்கின்றன. மற்றது முனியாண்டி, காளி, பேயோட்டு, சுருட்டு, சேவல். போராட்டம் வரும் பக்கத்தில் முனி இல்லை. முனி வரும் பக்கத்தில் போராட்டம் இல்லை. வாழ்க்கையில் அப்படிப் பிரிந்தா இருந்தது? காலையில் கிராணிக்கு முன்னால் கைகட்டி நின்றவன், திருவிழா அன்று சாமி வந்து ஆடும்போது அதே கிராணியை ஒருமையில் அதட்டிக் கேள்வி கேட்பான். கிராணியும் திருநீறு வாங்கிக்கொண்டு பணிவாகப் பதில் சொல்வார். மறுநாள் பெரட்டில் எல்லாம் பழையபடி. அந்த ஒரு நாளின் மேல் எழுதப்படாத நாவல்கள் எத்தனையோ!

ஒரு வேறுபாட்டை மட்டும் எளிதில் தாண்ட முடியாது. ஹெய்ட்டியில் வூடூ மறைவில் வளர்ந்தது. மத்தளம் வெறும் தோல் கட்டிய மரம் இல்லை, இந்த அடிமைகளுக்கு நாம் அறியாத ஒரு மதம் இருந்திருக்கிறது என்று முதலாளிக்கு உறைக்கும்போது காலம் கடந்துவிடுகிறது. 1791 ஆகஸ்ட்டில் புயல் மழைக்கு நடுவே புவா கைமான் காட்டில் கருப்புப் பன்றி வெட்டிச் சத்தியம் செய்தாகிவிட்டது, சங்கு ஊதியாகிவிட்டது. நம் தோட்டத்திலோ கோயில் கட்டத் தகரமும் பலகையும் கொடுத்ததே கம்பெனிதான் பல இடங்களில். திருவிழாவுக்குத் துரை வருவார், மாலை வாங்கிக்கொள்வார், நன்கொடைச் சீட்டில் முதல் பெயர் அவருடையது. துரைக்குத் தெரிந்த சாமி துரைக்கு எதிராக எழுவது சிரமம். நம் கலகம் அதனால் வேறு உடையில் வந்தது. 1941இல் பக்கத்துச் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்க மாட்டோம். நாதன் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, சுட்டது. சைக்கிள் மிதிக்கும் உரிமைக்காக உயிர் கொடுத்ததை அற்புத யதார்த்தத்தில் சேர்க்க வேண்டாமா? கார்ப்பெந்தியர் கையில் கிடைத்திருந்தால் அந்தச் சைக்கிள் மரங்களுக்கு மேலே போயிருக்கும், கீழே சரளைப் பாதையிலும் கிடந்திருக்கும்.

நாவல் வெளியான அதே 1949இல், மே 3ஆம் தேதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் பி. வீரசேனன் நெகிரி செம்பிலானின் ஜெலுபுவில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் கோலாலம்பூர் புடு சிறையில் அதே சம்மேளனத்தின் தலைவர் எஸ். ஏ. கணபதியைத் தூக்கிலிட்டார்கள். இரண்டு நாளில் இரண்டு தலைகள். இதே நெகிரி செம்பிலானில் சங்க வேலையைத் தொடங்கி, 1954இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் வரை போன பி. பி. நாராயணனைக் கட்டுரையாகவே எழுதிவிடலாம். வீரசேனனைக் கட்டுரையாக எழுதினால் ஒரு தேதியும் ஒரு ஊரும் மிஞ்சும். அவருக்கு, கார்ப்பெந்தியரின் நாயகனைப் போல, ஒரு டீ நோவேல் வேண்டும்.

டீ நோவேல்தான் கார்ப்பெந்தியரின் பெரிய கண்டுபிடிப்பு. தூசான் லூவெர்த்தூர் இல்லாத ஹெய்ட்டிப் புரட்சி நாவலை யாராவது எழுதுவார்களா? இதில் தூசான் என்ற பெயரில் ஒரு தச்சன் மர பொம்மை செதுக்கிவிட்டுப் போகிறான், அவ்வளவே. சி. எல். ஆர். ஜேம்ஸ் 1938இல் ‘கறுப்பு ஜாக்கோபின்கள்’ எழுதித் தளபதிகளின் வரலாற்றைப் பார்த்துக்கொண்டார். இங்கே எல்லாம் டீ நோவேல் என்ற லாயக்கார அடிமையின் உயரத்திலிருந்து தெரிகிறது. முதல் அத்தியாயத்திலேயே முடிதிருத்தும் கடையில் பொய்முடி தாங்கிய மெழுகுத் தலைகளையும் பக்கத்துக் கடையில் கன்றுத் தலைகளையும் பார்த்து, வெள்ளைக்காரத் தலைகளும் இப்படித் தட்டில் வந்தால் எப்படி இருக்கும் என்று தனக்குள் ரசிக்கிறான். புரட்சியின் முழுத் திட்டமும் அந்தச் சிரிப்பில் இருக்கிறது, ஒரு முழக்கம்கூட இல்லாமல்.

1804 ஜனவரி 1இல் விடுதலை. கியூபாவில் கிடந்த டீ நோவேல் கிழவனாகித் திரும்புகிறான். நாவலின் உச்சம் என்று நான் சொல்வது இங்கே வரும் மூன்றாம் பாகம். அரசன் ஆன்றி கிறிஸ்தோஃப், முன்னாள் சமையற்காரன், மலை உச்சியில் லா ஃபெர்ரியேர் கோட்டை கட்டுகிறான். சாந்தில் காளை ரத்தம் கலக்கிறார்கள். கிழவனையும் பிடித்துச் செங்கல் சுமக்க விடுகிறார்கள். அடிப்பவன் கறுப்பன், அடிபடுபவனும் கறுப்பன். தன் முகச்சாயல் உள்ளவன் கையில் பிரம்பு இருக்கும்போது அடி எப்படிக் கூடுதலாக வலிக்கிறது என்பதைத் தண்டலுக்குக் கீழே மரம் வெட்டியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கார்ப்பெந்தியர் அதை விளக்கவும் இல்லை. செங்கலின் கனத்தை எழுதுகிறார், படிகளை எழுதுகிறார். 1820இல் அரசன் தன்னையே சுட்டுக்கொள்ள, அவன் உடலை அந்தக் கோட்டையின் சாந்துக்குள்ளேயே இறக்கிவிடுகிறார்கள். அவன் கட்டியது அவனையே விழுங்குகிறது.

குறை இல்லாமல் இல்லை. நெப்போலியனின் தங்கை பவுலினின் அத்தியாயங்கள் நாவலை ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் கொஞ்ச நேரம் கண்ணாடி பார்க்கின்றன. அடிமைப் பெண்களுக்கு இந்த நாவலில் வாய் இல்லை. நம் தோட்டங்களில் அவர்கள் வாய் இல்லாமல் ஒரு சண்டையும் நடந்ததில்லை.

கடைசிப் பாகத்தில் அளவைக்காரர்கள் வருகிறார்கள். இடிந்த பண்ணையில் கிறிஸ்தோஃபின் பச்சைப் பட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு ராஜாவாக உட்கார்ந்திருக்கும் டீ நோவேலின் மண்ணில் கம்பும் சங்கிலியும் வைத்து அளக்கிறார்கள். புதிய ஆட்சி, புதிய எசமான்கள், திரும்பவும் கட்டாய வேலை. நீலாயிலும் லாபுவிலும் லயத்து வாசலில் முக்காலிக் கருவியை ஊன்றி யாரோ கண் இடுக்கிப் பார்த்ததைக் கண்டவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துக் கொஞ்சம் நிறுத்தத்தான் செய்வார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்பு வந்தது.

மனிதனாக இருந்து சலித்த கிழவன் பறவையாகிறான், குளவியாகிறான், எறும்பாகிறான். எறும்பாகியும் சுமைதான், மேற்பார்வைதான். வாத்தாகிறான், வாத்துக்கூட்டம் உன் குலம் எது என்று விரட்டுகிறது. இந்த இடம் வரை அப்பழுக்கில்லை. அதற்குப் பிறகு டீ நோவேலுக்கு ஞானம் வருகிறது. மனிதன் யாருக்காகப் பாடுபடுகிறான், அவன் பெருமை எதில் இருக்கிறது என்று கார்ப்பெந்தியர் ஒரு பிரசங்கம் வைக்கிறார். புகழ்பெற்ற பிரசங்கம், பலர் மேற்கோள் காட்டுவது. லாயத்துக் கிழவனின் வாயில் அது ஒட்டவில்லை. அந்தப் பத்தியைத் தாண்டிவிட்டு, அவன் புதிய எசமான்கள் மேல் போர் கூவுவதற்கும் கடலிலிருந்து வரும் பெருங்காற்றுக்கும் நேராகப் போய்விடுங்கள். நான் அப்படித்தான் படிக்கிறேன்.