மில் சங்கும் பாவெல் என்ற பெயரும்

தேர்தல் வந்தால் போதும். தமிழ்நாட்டில் ஒரு ஸ்டாலின் இருக்கிறார் என்று வடக்கத்திப் பத்திரிகைகளும் வெளிநாட்டுப் பத்திரிகைகளும் புதிதாகக் கண்டுபிடித்து வியக்கும். கூடவே ஒரு லெனினையும் ஒரு ட்ராட்ஸ்கியையும் தேடிப் பிடித்து நிறுத்தி, தமிழரின் தலைவர் வழிபாடு என்று சொல்லி முடித்துவிடும். நம்மூர் ஆய்வாளர்களும் இப்போது அதையே கொஞ்சம் கலைச்சொல் தூவிச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். ரஷ்யப் பெயர்கள் கட்சிக் கொடியோடு வந்தன, கொடி இறங்கியதும் போய்விட்டன என்பது அவர்கள் கட்சி. இதில் பாதி தவறு, மீதி சோம்பல்.

இந்தப் பட்டியல்காரர்கள் பார்க்கத் தவறிய விஷயம் ஒன்று உண்டு. ஸ்டாலினும் லெனினும் ரஷ்யாவில் பிள்ளைக்கு இடும் பெயர்களே அல்ல. விளாதிமிர் உல்யானவ் தலைமறைவு எழுத்துக்காக 1901 வாக்கில் சூடிக்கொண்டது லெனின். ஸ்டாலின் என்பது ஜுகாஷ்விலி என்ற ஜார்ஜியர் தேர்ந்துகொண்ட பெயர். அதற்குள் இருக்கும் எஃகு என்று பொருள்படும் சொல்லும் ஜெர்மனிடமிருந்து ரஷ்ய மொழி வாங்கிய கடன். கார்க்கியின் நிஜப்பெயர் அலெக்ஸேய் பெஷ்கோவ். 'கசப்பு' என்பதை அவரே பெயராக்கிக்கொண்டார். போலீஸுக்கும் வாசகருக்கும் காட்டிய முகமூடிகளை நாம் எடுத்துத் தொட்டிலில் இட்டோம். குடும்பப் பெயர் என்ற வழக்கமில்லாத தமிழனுக்கு ஒருவர் பெயரில் எது முன், எது பின் என்ற கவலை இருந்ததில்லை.

அப்படியானால் அசல் ஸ்லாவிய ஆண்பெயர் தமிழுக்கு எப்போது வந்தது? கட்சிக்கு வெகுகாலம் முன்பே, பாதிரிமாரோடு வந்தது. போலந்தில் பிறந்து 1568இல் பதினெட்டு வயதுகூட நிறையாமல் இறந்துபோன இயேசு சபை இளைஞர் ஸ்தனிஸ்லாஸ் கோஸ்த்காவுக்கு 1726இல் புனிதர் பட்டம் கிடைத்தது. புகழ் என்று பொருள்படும் ஸ்லாவியச் சொல் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. இயேசு சபையார் நடமாடிய மதுரை மிஷன் ஊர்களிலும் யாழ்ப்பாணத்திலும் அது தனிஸ்லாஸ் என்று நாக்குக்கு இணங்கிப்போனது. கருமத்தம்பட்டிக் கோயில் திருவிழாக் கூட்டத்தில் தனிஸ்லாஸ் என்று கூப்பிட்டால் யாரும் போலந்தை நினைக்கமாட்டார்கள். வேர் தெரியாத அளவுக்கு ஊன்றிவிட்ட பெயர். பட்டியல்காரர்கள் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறப்பதில்லை என்பதால் அது அவர்கள் கணக்கில் வருவதில்லை.

அடுத்தது ஈரோடு. 1931 அக்டோபரில் பெரியாரின் குடிஅரசு ஏடு கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் வெளியிடத் தொடங்கியது. 1932இல் பெரியார் சோவியத் நாட்டைச் சுற்றிப் பார்த்தார். அந்த ஆண்டின் முடிவில் பொதுவுடைமையாளர் சிங்காரவேலரோடு சேர்ந்து சமதர்மத்துக்கான ஈரோட்டுத் திட்டம். சுயமரியாதை இயக்கக் குடும்பங்களில் ரஷ்யா, மாஸ்கோ என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த காலம் அது. ஆளின் பெயரை விட்டு ஊரின் பெயரை எடுத்தார்கள் என்பது எனக்குப் பிடிக்கும். அந்த அலை சீக்கிரம் வடிந்தது.

பிறகுதான் எல்லாரும் அறிந்த 1953. மார்ச் 1ஆம் தேதி பிறந்த மகனுக்கு, மார்ச் 5ஆம் தேதி இறந்த சோவியத் தலைவரின் பெயரை இரங்கல் கூட்ட மேடையிலேயே கருணாநிதி அறிவித்த கதை. அவருக்கும் கோவை, ஈரோடு அடங்கிய கொங்குக்கும் உள்ள உறவை இங்கே சொல்லவேண்டும். ஈரோட்டில் குடிஅரசு அலுவலகத்தில் வேலை, பின்பு கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் 'ராஜகுமாரி' (1947) படத்துக்கு வசனம், சிங்காநல்லூரில் குடித்தனம் என்று பழகிய ஊர். சுற்றிலும் மில்கள். 1946 ஜனவரி 8ஆம் தேதி கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் தொழிலாளர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரின் பெயரும் ஊர் வாயில் இருந்த காலம் அது. மேடைப் பெயருக்கு ஒரு கம்பீரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மேடையில் சூட்டும் பெயரில் கேட்பவருக்கு வேலை ஒன்றும் இல்லை, கை தட்டுவதைத் தவிர.

படித்துவிட்டு வைத்த பெயர் வேறு ரகம். அந்த ரகத்தின் தலைமகன் பாவெல்.

பாவெல் என்பது லத்தீன் பவுலுஸ் ஸ்லாவிய நாக்கில் ஆன உருவம். ரஷ்யர், செக்கியர், பல்கேரியர் எல்லாருக்கும் பாவெல், உக்ரைனியருக்குப் பாவ்லோ. அதில் புரட்சி ஒன்றும் கிடையாது. 1801இல் கொலையுண்ட ஜார் மன்னனும் பாவெல்தான். மூலச்சொல்லுக்குச் சிறியவர் என்று பொருள். நம் கத்தோலிக்க முன்னோர் அதைத் தெரிந்தேதான் பவுலடியாரைச் சின்னப்பர் ஆக்கினார்கள். ஆக, இந்தப் பெயர் தமிழ்நாட்டில் இரண்டு முறை இறங்கியது. முதல்முறை சின்னப்பனாக, கோயில் வழி. இரண்டாம் முறை பாவெலாக, தொ. மு. சி. ரகுநாதன் வழி.

ரகுநாதனை 'பாரதி: காலமும் கருத்தும்' எழுதிய ஆய்வாளராக, புதுமைப்பித்தனின் தோழராகப் பேசுகிறார்கள். நெசவாளர் வாழ்வைச் சொன்ன அவருடைய 'பஞ்சும் பசியும்' செக் மொழிக்குப் போனதையும் பெருமையாகச் சொல்வார்கள். கார்க்கியின் 'தாய்' நாவலைத் தமிழாக்கியது மட்டும் பட்டியலில் ஒரு வரியாகக் கிடக்கிறது. தமிழ்த் தொழிலாளிக்குத் தொட்டிலில் இடும் பெயர் ஒன்றைக் கொடுத்த மொழிபெயர்ப்பு வேறு எது? 1906இல் எழுதத் தொடங்கிய அந்த நாவல், 1902இல் சோர்மவோ ஆலைத் தொழிலாளர் செங்கொடியோடு நடத்திய மே தின ஊர்வலத்திலிருந்து பிறந்தது. கொடி பிடித்த பியோத்தர் ஸலோமவ்தான் நாவலின் நாயகன் பாவெல் விலாசவுக்கு முன்மாதிரி.

கொங்கில் இது ஏன் இவ்வளவு ஆழமாய் இறங்கியது என்று அறிய நாவலின் முதல் பக்கம் போதும். ஆலைச் சங்கு ஊதுகிறது. தூக்கம் தெளியாத ஆட்கள் வீட்டைவிட்டு வெளியே வருகிறார்கள். பைகாரா மின்சாரம் வந்த முப்பதுகளுக்குப் பின் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் உப்பிலிபாளையத்திலும் பொழுது விடிந்ததே மில் சங்கில்தான். ஷிப்டு மாறுவது, உலை வைப்பது, பிள்ளையைப் பள்ளிக்கு விரட்டுவது எல்லாவற்றுக்கும் அதுதான் கடிகாரம். அந்த வாசகனுக்கு அடிக்குறிப்பு தேவைப்படவில்லை. குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கும், பாவெலின் அப்பன் மிகயீல் விலாசவும் அவனுக்குப் பக்கத்து வீட்டு ஆள்தான். அந்த அப்பனைப் போலவே குடிக்கத் தொடங்கிய மகன் திருந்திப் புத்தகத்தைக் கையில் எடுப்பதுதான் கதையின் திருப்பம். தன் மகன் அப்படி ஆகவேண்டும் என்று நினைத்தவன் அந்தப் பெயரை வைத்தான். ஆட்சியில் உட்காரப்போகும் பிள்ளைக்கான பெயரல்ல அது. படிக்கப்போகும் பிள்ளைக்கானது.

ஒலியும் கைகொடுத்தது. ஸ்டாலின் என்ற பெயரின் தொடக்கமே தமிழ் நாக்குக்குச் சண்டை. தனித்தமிழ்க்காரர் இசுடாலின் என்று எழுதிப் பார்த்தார்கள். மருதமலையும் பழநியும் சென்னிமலையும் சூழ்ந்த நாட்டில், வீட்டுக்கு ஒரு சக்திவேலும் கதிர்வேலும் தங்கவேலும் நடமாடும் இடத்தில், பாவெலைக் கொஞ்சம் இழுத்தால் பாவேல். பாட்டிமாருக்கு அது முருகன் கணக்கில் சேர்ந்துவிடும். நாத்திக அப்பனுக்கும் பழநிக்குப் பாதயாத்திரை போகும் ஆத்தாவுக்கும் ஒரே பெயரில் சமாதானம்.

இன்னொரு பாவெலும் வந்து சேர்ந்தான்: ஒஸ்திரோவ்ஸ்கியின் நாவல் நாயகன் பாவெல் கர்ச்சாகின். அந்த நாவலின் மூலத் தலைப்பு எஃகு உரமேறிய விதத்தைச் சொல்வது; ஸ்டாலின் பெயரில் உள்ள அதே எஃகு. தமிழில் எஃகு போய் 'வீரம் விளைந்தது' என்றாயிற்று. தலைப்பிலேயே வெள்ளாமை வாசம். 1951இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் இவற்றையெல்லாம் மலிவு விலையில் சிறுநகரங்கள்வரை கொண்டுபோனது. ரா. கிருஷ்ணையாவும் பூ. சோமசுந்தரமும் மாஸ்கோ பதிப்பகங்களுக்காகச் செய்த மொழிபெயர்ப்புகளும் அந்த வழியில்தான் வந்தன.

பாவெல்கள் எத்தனை பேர், ஸ்டாலின்கள் எத்தனை பேர் என்று கேட்பார்கள். ஸ்டாலின்கள்தான் அதிகம், சந்தேகமே வேண்டாம். தலை எண்ணுவது தேர்தல் வேலை. பெயராய்வு கேட்கவேண்டியது, பெயர் எந்த வாசலில் வந்தது என்பதை. திரையில் பாவெல் நவகீதன், எழுத்தில் பாவெல் பாரதி, பாவெல் சக்தி என்று இன்றும் அந்தப் பெயர் புழங்குகிறது. கொடி இறங்கியதும் போகவில்லை. மகனுக்கு ஸ்டாலின் என்று பெயர் வைத்தவரே முதுமையில் கார்க்கியின் 'தாய்' நாவலைக் கவிதையில் காவியமாக்கினார். அதே கதையைத் தழுவி 2011இல் வந்த 'இளைஞன்' படத்துக்கும் வசனம் எழுதினார். அவரும் கடைசியில் பாவெல் வீட்டு வாசலில்தான் போய் நின்றார்.

விளாதிமிரைத் தமிழர் ஏன் எடுக்கவில்லை என்பது சுவாரசியமான கேள்வி. லெனினின் சொந்தப் பெயர் அதுதானே? பழைய வடிவில் அதன் பின்பாதிக்கு மேன்மை என்று பொருள். பிற்காலத்தார் அதை உலகம் என்று கேட்டு, உலகாள்பவன் என்று பொருள் கொண்டார்கள். கோவையில் அந்தப் பொருள் கொண்ட பெயர் இல்லாமலா போயிற்று? ஜகந்நாதன் என்ற இளைஞர் தன் பெயரைப் புவியரசு என்று மாற்றிக்கொண்டு வானம்பாடிக் கவிஞர்களோடு 1970களில் பறந்தார்; பின்னர் தஸ்தயேவ்ஸ்கியின் கரமாஸவ் சகோதரர்களைத் தமிழுக்குக் கொண்டுவந்ததும் அவரே. அவர் விளாதிமிரை நினைத்துப் பெயர் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதைவிட நல்ல தமிழ் விளாதிமிர் கிடைக்கப்போவதில்லை.

இனி இந்தத் துறையில் இறங்குகிறவர்கள் கட்சி மாநாட்டு மலர்களை மூடிவைத்துவிட்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் மொழிபெயர்ப்பு வெளியான ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வேகமாகவே செய்யவேண்டும். அப்பன் பெயரை முன்னெழுத்தாக வைத்த வழக்கம் பாஸ்போர்ட்டால் மாறிவருகிறது. உதயநிதி ஸ்டாலின் என்ற பெயரில் ஸ்டாலின் மறுபடி வால்பக்கம் போய்விட்டது, ஜுகாஷ்விலி வைத்துக்கொண்ட அதே இடத்துக்கு. பாவெல்களின் பிள்ளைகள் இப்போது கல்லூரிக்கும் ஐ.டி. கம்பெனிக்கும் போகிறார்கள். வருகைப் பதிவேட்டில் வெறும் 'பா.' என்று இருக்கும். அது பாலசுப்பிரமணியமா, பாவெலா என்று கேட்டால்தான் தெரியும்.