ஓகே சொன்னது எந்தப் புரூஃபுக்கு? சிவகாசி அச்சகத்துக்கு ஏற்ற கஸ்டமர் போர்ட்டல்

ஆடிப்பெருக்கன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்துவிட்டால், சிவகாசி அச்சகங்களில் போன் ஓயாது. தீபாவளிப் பட்டாசுப் பெட்டி, லேபிள் வேலைகளும் அந்த நேரத்தில்தான் நெருக்கும். பார்ட்டி கடைப் பெயரையும் சாமி படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். டிசைனர் புரூஃப் அனுப்புவார். திருத்தம் வாய்ஸ் மெசேஜில் வரும், அடுத்த புரூஃப் போகும், கடைசியில் ஒரு கட்டைவிரல் படம் வந்து விழும். அந்தக் கட்டைவிரல் எந்தப் புரூஃபுக்கு? பிளேட் போட்டு, ஓட்டி, பைண்டிங்கும் முடிந்த பிறகு செல் நம்பரில் ஓர் எண் தப்பு என்று தெரிந்தால், நஷ்டம் யாருக்கு என்பது இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

அதனால் அச்சகத்துக்குப் போர்ட்டல் தேடும்போது இரண்டே விஷயங்களைப் பார்த்தேன். பார்ட்டி சொன்ன ஓகே, அவர் பார்த்த அதே புரூஃபோடு பதிவாகிறதா? கல்லாவில் உட்கார்ந்தபடியே, பாஸ்வேர்டு தேடாமல், போனில் அதைச் சொல்ல முடிகிறதா? தெரிந்த அச்சகம் ஒன்றில் டிசைனர் பக்கத்தில் உட்கார்ந்து, மாதிரி ஜாப்களை வைத்து மூன்று வழிகளை ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் ஜோஹோ புக்ஸ். பக்கத்துத் தென்காசி மாவட்டத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் நிறுவனம் என்பதால் இங்கே பெயர் பழக்கம். அதன் போர்ட்டலில் பார்ட்டி எஸ்டிமேட்டை ஏற்கலாம், மறுக்கலாம், கருத்து எழுதலாம், பில்லுக்குப் பணம் கட்டலாம், தன் பாக்கி ஸ்டேட்மென்டையும் எடுத்துக்கொள்ளலாம். வரவு செலவுக்கு இது அருமை. ஆனால் போர்ட்டல் அழைப்பு மின்னஞ்சலில் போகிறது. பார்ட்டி பாஸ்வேர்டு வைத்துத்தான் உள்ளே வர வேண்டும். நம் கடைக்காரர்கள் பலருக்கு மின்னஞ்சல் என்பது ஆடிட்டர் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் சமாச்சாரம். தவிர, அச்சகத்தின் கணக்கு டேலியில் இருக்கும்போது, புரூஃப் ஓகேக்காக இரண்டாவது கணக்குப் புத்தகம் திறப்பது வீண் வேலை. டேலியை விட்டு மாறத் தயாராக இருப்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

இரண்டாவது வழி, செலவில்லாதது: வாட்ஸ்அப் பிசினஸும் கூகுள் டிரைவும். புரூஃபை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். பொடி எழுத்து மங்கும். டிரைவில் பிடிஎஃப் ஏற்றி லிங்க் அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை. பிழை உள்ள இடத்தைக் குறித்து அங்கேயே கருத்தும் எழுதலாம். திருத்தத்துக்கு இதைவிட வசதியானதை நான் பார்க்கவில்லை. ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவரிடம் கூகுள் கணக்கு எப்படியும் இருக்கும்.

இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதே ஃபைல் மேல் புதிய புரூஃபை ஏற்றினால், பழைய பதிப்பை டிரைவ் 30 நாள் வரைதான் வைத்திருக்கும். நிரந்தரமாக வைக்கும்படி நாமே குறித்தால்தான் நிற்கும். செப்டம்பரில் ஓகே ஆன காலண்டருக்கு டிசம்பரில் தகராறு வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு புரூஃபையும் ஜாப் நம்பர், புரூஃப் நம்பர் போட்டுத் தனி ஃபைலாக ஏற்றுங்கள்.

மூன்றாவது, பெல்ஜியத்து ஓடூ. ஒரே ஒரு ஆப் போதும் என்றால் அவர்களுடைய ஆன்லைன் சேவை இலவசம். விற்பனை ஆப்பை எடுத்துக்கொண்டேன். கொட்டேஷனை லிங்காக வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். லாகின் கேட்காமல் திறக்கிறது. கீழே செய்திப் பகுதியில் புரூஃபை இணைக்கலாம். பார்ட்டி விரலால் போன் திரையில் கையெழுத்துப் போட்டதும் பெயர், தேதி, நேரத்தோடு பதிவாகி, கொட்டேஷன் ஆர்டராக மாறிவிடுகிறது. பொருள் வரியிலேயே ஜாப் நம்பரையும் “புரூஃப் 3” என்பதையும் எழுதி அனுப்பினோம். இப்போது கையெழுத்து எதற்கு என்பதில் சந்தேகமே இல்லை. “அண்ணாச்சி, கையெழுத்துப் போட்டாச்சு, பிளேட் போட்டுருங்க” என்று சோதனைக்கு உதவிய கடைக்காரர் உடனே கூப்பிட்டார்.

குறையும் உண்டு. புரூஃப் மேல் குறித்துக் காட்ட வழியில்லை. திருத்தத்தை எழுத்தில்தான் சொல்ல வேண்டும். அதனால் திருத்தம் டிரைவில், கடைசி ஓகே ஓடூவில் என்று பிரித்துக்கொள்வதுதான் என் பரிந்துரை. பட்டாசுப் பெட்டி வேலைக்கு இதைக் கட்டாயமாகவே வைக்கலாம். பசுமைப் பட்டாசு முத்திரை, கியூஆர் கோடு, விலை எல்லாம் அட்டையிலேயே அச்சாகின்றன. ஒன்று மாறினாலும் பெட்டி மொத்தமும் கழிவுக்குத்தான். வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து பார்ட்டி மட்டுமே உள்ள சின்ன அச்சகத்துக்கு டிரைவும் ஒழுங்கான ஃபைல் பெயரும் போதும்.

பட்டாசுக் கம்பெனிக்காரர்களும் இதே போர்ட்டலைக் கேட்கிறார்கள். ஏஜென்ட்டுகளுக்கு ஸ்டேட்மென்ட், லாரி விவரம் காட்டத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஆன்லைன் வணிகத் தளங்கள் பட்டாசு ஆர்டர் வாங்கி விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று உத்தரவிட்டிருக்கிறது. இந்த மென்பொருள்களில் கடை திறக்கும் வசதியும் கூடவே வரும். பொதுமக்கள் ஆர்டர் போடும் பக்கத்தை முதல் நாளே அணைத்து வைக்கச் சொல்லுங்கள்.