கொலட்டும் காலெட்டும்

தங்கச்சியின் கண் சத்திரசிகிச்சைக்காகப் போன வருடம் கோயம்புத்தூர் போனேன். இடையில் கிடைத்த ஒரு பின்னேரம், ஒரு கருவிக் கடையில் ஏறி "கொலட் இருக்கா?" என்று கேட்டேன். கடைப் பையனுக்கு விளங்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்ததைக் காட்டியதும் சிரித்தான். "ஓ, காலெட்டுங்களா! சிலோன்ங்களா நீங்க?" மரியாதைக்குக் குறைவில்லை, சொல்லுக்குச் சொல் ஒரு ‘ங்க’ தொங்கியது. எந்த மெஷினுக்கு என்றான். மைபோர்ட் எம்.எல்.7 என்றேன். உள்ளேயிருந்து முதலாளி எழுந்து வந்தார். "அது இன்னும் ஓடுதுங்களா? எதுக்குங்க மெனக்கெடறீங்க, காயலான் கடைக்குப் போட்டுட்டு ராஜ்கோட்ல இருந்து புதுசா ஒண்ணு எறக்கிடுங்க."

காயலான் கடை என்றால் பழைய இரும்புக் கடை. காயல்பட்டினத்தாரின் பேரால் வந்த சொல் என்பார்கள். எங்கள் நாட்டில் காயல்பட்டினத்தார் என்றால் மாணிக்கக்கல் வியாபாரம்தான் ஞாபகம் வரும். ஆகவே அவர் சொன்னது எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. உறைத்த பிறகு ஊர் வந்து சேரும்வரை ஆறவில்லை. இந்தக் கட்டுரை அதனால் வந்ததுதான்.

முதலில் சாமானைப் பற்றி. லேத்தில் இரும்பைப் பிடிக்க மூன்று தாடைச் சக் இருக்கிறது. ஆனால் ஒரு முறை கழற்றி மறுபடி பூட்டினால் பழைய மையம் அதில் கிடைக்காது. மெல்லிய பித்தளைப் புஷ் என்றால் தாடை அழுத்தி முக்கோணமாக்கிவிடும். கொலட் என்பது நெடுக வெட்டுவிட்ட ஒரு வில்லுருக்குக் குழல். சரிவான இருக்கைக்குள் அதை நட்டால் இறுக்கும்போது சுற்றிவரச் சுருங்கிப் பிடிக்கும், தழும்பு விழாது. இன்று எல்லா இடமும் புழங்கும் ஈ.ஆர். வகையை சுவிட்சர்லாந்தின் ரெகோ‑ஃபிக்ஸ் 1973 இல் கொண்டுவந்தது. மைபோர்ட் எம்.எல்.7 இங்கிலாந்தின் பீஸ்டனில் 1946 இல் வந்தது. வயதில் மூத்த மெசின் பிந்திப் பிறந்த கொலட்டைப் பிடிக்க வேண்டுமென்றால் நடுவில் ஓர் அடப்டர் வேண்டும். (அடாப்டர் என்று திருத்தினான் பையன். டொக்டர், கோப்பி, ஒபிஸ் என்று வாயைக் குவித்துப் பழகிய எங்களிடம் டாக்டர், காபி, ஆபீஸ் என்று அகலத் திறக்கும் ஆட்கள் எதைத்தான் திருத்த மாட்டார்கள்.)

கோயம்புத்தூரைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. 1937 இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்த ஊர் அது. அந்த முதலாளியே, சொன்ன சொல்லுக்கு மருந்து போடுவதுபோல, கணபதிப் பக்கம் ஒரு பட்டறைக்கு என்னைக் கூட்டிப்போனார். ஒரு சந்தில் கிரைண்டிங் மட்டும், அடுத்ததில் பல்சக்கரம் வெட்டுவது மட்டும், அதற்கடுத்ததில் சூட்டுப் பதம் மட்டும். அடப்டர் வேண்டுமென்றால் யாரும் லேத்தை நிறுத்துவதில்லை. மோர்ஸ் டேப்பர் இரண்டுக்கு ஈ.ஆர்.25 என்று சொன்னால் கடையிலிருந்து பதம்போட்டுக் கிரைண்ட் பண்ணிய சாமான் பத்து நிமிசத்தில் வருகிறது. பம்பு ஷாப்ட் கடையும் பையன் ஒரு நெம்புகோலைத் தட்டினான். சுழற்சி நிற்காமலே கொலட் வாய் திறந்து, கம்பி முன்னுக்கு வந்து, மறுபடி மூடியது. தட்டில் ஷாப்ட் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நாற்பதாவது விழுந்திருக்கும்.

அங்கே கொலட் ஒரே மாதிரி ஆயிரம் செய்வதற்கு. எங்கள் ஊர் திருக்கோவிலில் அது ஒன்றேயொன்றை மறுபடி மறுபடி கழற்றிப் பூட்டுவதற்கு. கோமாரியிலிருந்து வெளியிணைப்பு மோட்டரின் தேய்ந்த பின் ஒன்று வரும், மருதமுனையிலிருந்து கைத்தறியின் ஓர் உருளை வரும், சம்மாந்துறை அரிசி ஆலையிலிருந்து யாரும் இப்போது விற்காத ஒரு புஷ் வரும். கடைந்து, கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்து, ஒரு மயிரளவு கூட என்றால் திரும்பி வரும். திரும்பி வருவதை அதே மையத்தில் பிடிப்பதுதான் எங்கள் வேலை. அவர்கள் ‘ஜாப்’ என்பார்கள். நாங்கள் சாமான் என்கிறோம், சாமானுக்கு ஒரு சொந்தக்காரர் வாசலில் நிற்பார். அங்கே டர்னர், இங்கே லேத் பாஸ். ‘பாஸ்’ ஒல்லாந்தர் விட்டுப்போன சொல், கைவினைஞர் என்று பொருள். நான் என்னை லேத் பாஸ் என்று சொன்னபோது கணபதியில் எல்லோரும் என்னை ஒரு கம்பனி முதலாளி என்று நினைத்து நாற்காலி போட்டார்கள். நான் திருத்தவில்லை.

எங்கள் அடப்டர் பிறக்கும் விதம் வேறு. அங்கே இ.என்.8 கம்பியை நிறுத்து அறுத்துக் கொடுக்கிறார்கள். இங்கே ஒரு பழைய லொறி அச்சு. அதைச் சிவக்கக் காய்ச்சி, உமிச் சாம்பலுக்குள் புதைத்து, ஓர் இரவு ஆறவிட்டால் உளி ஏறும் பதத்துக்கு இறங்கும். அம்பாறை மாவட்டத்தில் உமிக்கு மட்டும் எந்தக் காலத்திலும் தட்டுப்பாடு வந்ததில்லை. துண்டைச் சக்கில் பிடித்து முதலில் பின்பக்க உட்புரி: எம்.எல்.7 இன் மூக்கு ஒன்றேகாலரைக்கால் அல்ல, ஒன்று அரைக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 12 புரி. (அந்த மயக்கத்தில் ஒரு துண்டைப் பாழாக்கியவன் சொல்கிறேன்.) பிறகு சக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துண்டையே மெசின் மூக்கில் முறுக்கி ஏற்ற வேண்டும். இனி வெளிப்பக்கமும், வெளிப்புரியும், உட்சரிவும் அது வாழப்போகும் இடத்தில் வைத்தே கடையப்படும். மேல் ஸ்லைட்டை 8 பாகை திருப்பினால் ஈ.ஆர். சரிவு.

வெளிப்புரியில்தான் கணக்கு இருக்கிறது. ஈ.ஆர்.32 நட்டுக்கு 40 மில்லிமீற்றர் விட்டம், ஒன்றரை மில்லிமீற்றர் புரி. எங்கள் மெசினின் வழிகாட்டித் திருகோ அங்குலத்துக்கு எட்டு. சரியாக வெட்ட 127 பல்லுச் சக்கரம் வேண்டும். கோயம்புத்தூரில் அதை வெட்டித் தருவார்கள், ஒரு தேநீர் குடிக்கும் நேரம். அக்கரைப்பற்றில் எனக்குத் தொழில் பழக்கிய காக்கா, தண்ணீர்க் குழாயின் 19 புரிக்காகப் பெட்டியில் கிடந்த 38 பல்லுச் சக்கரத்தை எடுத்தார். 30க்கு 75, 45க்கு 38. பெருக்கிப் பார்த்தால் புரி 1.504 மில்லிமீற்றர். எட்டுப் புரி ஏறினாலும் பிழை ஒரு மில்லிமீற்றரின் நூறில் மூன்றுதான். நட்டு ஏறியது, இறங்கியது. அவர்கள் ‘மரை’ என்பதை நாங்கள் ‘புரி’ என்கிறோம். மரை கழன்றது என்றால் அங்கே பைத்தியம். காக்காவின் கணக்கை அந்த முதலாளியிடம் சொன்னபோது அவர் முகத்தில் அந்த அர்த்தம்தான் ஓடியதோ என்று எனக்குச் சந்தேகம்.

"கடையில வாங்கினது உன்ட ஸ்பின்டலுக்கு மருமகன், மனே. கடைஞ்சது மகன்," என்பார் காக்கா. நல்ல பேச்சு. ஆனால் எங்கள் கரையில், தமிழர் வீட்டிலும் சோனகர் வீட்டிலும், மகன் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். வந்து வீட்டில் இருப்பது மருமகன்தான். காக்கா அதை யோசித்துச் சொன்னாரா தெரியாது.

அந்தக் கடையில் நானும் ஒரு ஈ.ஆர்.25 வாங்கினேன். ஒப்பிட்டுப் பார்க்கத்தான். மோர்ஸ் இரண்டு காம்பை ஸ்பின்டலுக்குள் ஏற்றி, பின்னாலிருந்து நீளப் போல்ட் போட்டு இழுக்க வேண்டும். போல்ட் துளையை அடைத்துக்கொள்வதால் நீளக் கம்பியை உள்ளே விட முடியாது. எங்கள் அடப்டரில் 15 மில்லிமீற்றர் வரை தாராளமாகப் போகும். டயல் வைத்தேன். எங்களுடையது நூறில் இரண்டு ஆடியது, அவர்களுடையது நூறில் ஐந்து. வாசகர்கள் இந்த இரண்டு எண்ணையும் குறித்துக்கொள்ளலாம்.

2004 மார்கழி 26 இல் கடல் பட்டறைக்குள் வந்தது. இரண்டு நாள் மெசின் உப்பு மணலுக்குள் கிடந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, தேங்காயெண்ணெய் பூசி எழுப்பினோம். வெளி மூக்கு தப்பியது, ஸ்பின்டலின் உட்சரிவில் துருக் குழி விழுந்தது. மூக்கில் ஏறும் எங்கள் அடப்டருக்கு அந்தக் குழியோடு சோலி இல்லை. உள்ளே போகும் காம்புக்குத்தான். அந்த ஐந்தில் எத்தனை குழியுடையது என்று நான் அளக்கவில்லை. டயலும் அங்கே வாங்கியதுதான், கொலட் பெட்டியும் அதே கடை. கொலட்டை நாங்கள் கடைவதில்லை. வில்லுருக்குக்குப் பதம்போட்டு ஒரே சீராகப் பிளக்கும் உலை இந்தக் கரையில் இல்லை.

பாவிக்கும் முறையில் மட்டும் இரு கரைக்கும் பேதமில்லை. கொலட்டை முதலில் நட்டுக்குள் சரித்துச் சொடுக்க வேண்டும், பிறகுதான் இருக்கையில் ஏற்ற வேண்டும். மாறிச் செய்தால் கழற்றும்போது வராது. பத்து மில்லிமீற்றர் கொலட் ஒன்பதுக்குக் கீழே பிடிக்காது, பலவந்தம் பண்ணினால் வாய் கோணும். கட்டைச் சாமான் என்றால் பின்னால் அதே தடிப்பில் ஒரு துண்டை அடைத்துக்கொள்ள வேண்டும். கடற்காற்றில் எண்ணெய்க் கடதாசி சுற்றாமல் வைத்தால் ஒரு மாரியில் துரு பிடிக்கும். இந்தக் கடைசி ஒன்று மட்டும் கோயம்புத்தூரில் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை.

நேற்று தம்பிலுவிலிலிருந்து ஒருவர் தண்ணீர்ப் பம்பின் ஷாப்ட் கொண்டுவந்தார். மெசினில் மகன் நின்றான். கையை நீட்டி, "அப்பா, அந்தப் பன்னிரண்டு காலெட்டை எடுங்க," என்றான். கொலட்டடா என்றேன். மெசின் ஓடத் தொடங்கிவிட்டது, அவனுக்குக் கேட்கவில்லை.